கிரிட் எண்: வரைபடம் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மலைநடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பதில்களில் வருவது ஒரே ஒரு கற்பனை வரைபடம். அளவுகோல் 1:50,000. மேலிருந்து கீழாக ஓடும் நெடுக்குக் கோடுகளுக்கு 30 முதல் 40 வரை எண்கள். இடமிருந்து வலமாக ஓடும் குறுக்குக் கோடுகளுக்கு 60 முதல் 70 வரை. அதில் ஒரு பாலமும் ஒரு கோபுரமும் இருக்கின்றன.

கிரிட் எண்ணுன்னா என்ன? அட்சரேகை, தீர்க்கரேகையும் அதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் இடத்தைச் சொல்லும் வழிகள்தான், ஆனால் வேறு வேறு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் உருண்டையான பூமியின் மேல் கோணங்களில் அளக்கப்படுபவை. ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கமும் நிலநடுக்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் 60 பாகை அட்சத்துக்குப் போனால் அது பாதியாகச் சுருங்கிவிடும். கோணத்தை வைத்துக்கொண்டு 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கணக்குப் போடுவது நடந்துகொண்டிருப்பவருக்குச் சிரமம்.

கிரிட் என்பது தட்டையாக்கிய வரைபடத்தின் மேல் சம இடைவெளியில் போட்ட சதுரக் கட்டங்கள். பெரும்பாலான நடை வரைபடங்களில் ஒரு கட்டம் தரையில் 1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர். எல்லாக் கணக்கும் மீட்டரில் இருப்பதால் கூட்டல் கழித்தலே போதும்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில். கிரிட் எண் ஒரு புள்ளியின் பெயர் இல்லை, ஒரு கட்டத்தின் பெயர். இலக்கம் கூடக் கூடக் கட்டம் சிறியதாகும். எத்தனை சிறியதானாலும் அது கட்டம்தான்.

எந்த எண்ணை முதல்ல சொல்லணும்? எனக்கு எப்பவுமே குழம்புது.

முதலில் கிழக்கு எண், பிறகு வடக்கு எண். அதாவது இடமிருந்து வலமாக எவ்வளவு நகர்ந்தோம் என்பது முதலில், கீழிருந்து மேலாக எவ்வளவு ஏறினோம் என்பது அடுத்து. நெடுக்குக் கோடுகளின் எண்தான் கிழக்கு எண். கோடு வடக்காக ஓடுகிறதே, அதற்கு ஏன் கிழக்கு எண் என்று தோன்றும். அந்தக் கோடு கிழக்கே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத்தான் எண் சொல்கிறது.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி அகரவரிசை. கிழக்கில் 'க', வடக்கில் 'வ'. க முன்னால், வ பின்னால். இதில் இன்னொரு வசதியும் உண்டு. அட்சம், தீர்க்கம் என்ற ஜோடியில் வழக்கமாக அட்சம்தான் முதலில் வரும். அங்கேயும் 'அ' முன்னால், 'த' பின்னால். அட்சரேகை வடக்கு தெற்கைச் சொல்வது, ஆகவே அந்த ஜோடியில் வடக்கு முதலில் வருகிறது, கிரிட்டில் கிழக்கு முதலில் வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது தடுமாறுவது இதனால்தான். அகரவரிசையைப் பிடித்துக்கொண்டால் இரண்டிலும் தப்பு வராது.

கட்டத்துக்கு நாலு மூலை இருக்கே, எந்த மூலையோட எண்ணை எடுக்கணும்?

கீழ் இடது மூலை, அதாவது தென்மேற்கு மூலை. நம் பாலம் 34, 35 என்ற நெடுக்குக் கோடுகளுக்கு நடுவிலும், 67, 68 என்ற குறுக்குக் கோடுகளுக்கு நடுவிலும் இருக்கிறது என்றால் அதன் கட்டம் 3467. இதுதான் 4 இலக்க எண். பாலம் கட்டத்தின் வலது ஓரத்தை ஒட்டி, 35ஆம் கோட்டுக்கு அருகிலேயே இருந்தாலும் 34தான். நாம் பெயர் சொல்வது கட்டத்துக்கு, பக்கத்தில் இருக்கும் கோட்டுக்கு இல்லை.

6 இலக்கம் எடுக்க கட்டத்தைப் பத்தாப் பிரிக்கச் சொல்றாங்க. உள்ளே கோடே இல்லையே, எப்படிப் பிரிக்கிறது?

கண்ணாலேயே பிரிக்கலாம். முதலில் கட்டத்தின் நடுவை மனதில் குறியுங்கள், அது 5. இடம் அதற்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பிறகு அந்தப் பாதியை மட்டும் ஐந்தாகப் பாருங்கள். நம் பாலம் 34ஆம் கோட்டிலிருந்து வலப்பக்கம் பத்தில் ஆறு பங்கைத் தாண்டி நிற்கிறது. ஆக 346. 67ஆம் கோட்டிலிருந்து மேலே இரண்டு பங்கைத் தாண்டி நிற்கிறது. ஆக 672. சேர்த்து எழுதினால் 346672. இப்போது கட்டம் 100 மீட்டருக்கு 100 மீட்டர்.

கண் பழகும்வரை ஒரு தாள் துண்டு உதவும். மூலை சரியாக 90 பாகை இருக்கும் தாளாக எடுங்கள். வரைபடத்தின் அடியில் உள்ள அளவுகோல் பட்டையிலிருந்து 100 மீட்டர் இடைவெளிகளை அந்தத் தாளின் மேல் விளிம்பிலும் வலது விளிம்பிலும், மேல் வலது மூலையிலிருந்து தொடங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒவ்வொரு இடைவெளியும் 2 மில்லிமீட்டர் வரும், 1:25,000 என்றால் 4 மில்லிமீட்டர். தாளின் அந்த மூலையைப் பாலத்தின் மேல் வைத்து, விளிம்புகளைக் கோடுகளுக்கு இணையாகப் பிடித்தால், 34ஆம் கோடு மேல் விளிம்பை வெட்டும் இடத்தில் கிழக்கு இலக்கமும், 67ஆம் கோடு வலது விளிம்பை வெட்டும் இடத்தில் வடக்கு இலக்கமும் கிடைக்கும். இதையே பிளாஸ்டிக்கில் செய்து 'ரோமர்' என்று விற்கிறார்கள், பல காம்பஸ்களின் அடித்தட்டிலும் அச்சிட்டிருக்கும். ஆனால் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். அதற்கப்புறம் இந்தக் கணக்கு மறக்காது.

நான் எடுக்கிற இடம் சரியா கோட்டு மேலேயே இருந்தா?

அந்தக் கோட்டில் தொடங்கும் கட்டத்தைச் சேர்ந்தது. 34ஆம் நெடுக்குக் கோட்டின் மேலேயே இருந்தால் கிழக்கு எண் 340. இந்தச் சுழியத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விட்டுவிட்டால் 5 இலக்கம்தான் மிஞ்சும். கிரிட் எண்ணில் இலக்கங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். ஒற்றைப்படையில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு எங்கும் கிளம்பாதீர்கள், திரும்பக் கேளுங்கள்.

6.8 பங்குன்னு வந்தா 7னு ரவுண்ட் பண்ணிக்கலாமா?

கூடாது. கணக்குப் பாடத்தில் பழகிய கை இங்கே தானாக ரவுண்ட் செய்யும், அதைக் கட்டுப்படுத்த வேண்டும். பாலம் 34ஆம் கோட்டிலிருந்து 683 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். 346 என்ற கட்டம் 600 மீட்டரிலிருந்து 700 மீட்டர் வரை பரவியிருக்கிறது. பாலம் அதற்குள் இருக்கிறது. 347 என்று எழுதினால் அது 700 முதல் 800 வரையுள்ள கட்டம். பாலம் அதில் இல்லவே இல்லை. அதனால் மிச்சத்தை வெட்டிவிட வேண்டும், ஏற்றக் கூடாது.

அப்போ 8 இலக்கம், 10 இலக்கம் கொடுத்தா இன்னும் நல்லதுதானே?

8 இலக்கம் 10 மீட்டர் கட்டம், 10 இலக்கம் 1 மீட்டர் கட்டம். ஜி.பி.எஸ். கருவியில் பார்த்துச் சொல்வதானால் 8 இலக்கம் நியாயம்தான். நம் பாலத்துக்கு அது 3468 6723 என்று வரும்.

காகித வரைபடத்திலிருந்து கண்ணால் எடுத்துவிட்டு 8 இலக்கம் எழுதுவது சரியில்லை. 1:50,000 தாளில் 10 மீட்டர் என்பது 0.2 மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன்கூட அதைவிட அதிகம். சாலைக் குறியையே அதன் உண்மையான அகலத்தைவிடப் பல மடங்கு தடிமனாகத்தான் அச்சிடுகிறார்கள். இல்லாத துல்லியத்தை எழுதிக்கொடுத்தால் வாங்குபவர் அதை நம்புவார். இரவில் ஒருவரைத் தேடிப் போகிறவர்கள் 10 மீட்டர் கட்டத்தைச் சல்லடை போட்டுவிட்டு, 'இங்கே இல்லை' என்று நகர்ந்துவிடக்கூடும். 100 மீட்டர்தான் உறுதி என்றால் 6 இலக்கத்தோடு நிறுத்துங்கள்.

1:25,000 வரைபடத்துக்கு மாறினா அதே இடத்தோட எண் மாறுமா?

ஒரே கிரிட்டை வைத்து வரைந்த வரைபடங்கள் என்றால் மாறாது. தாளில் கட்டம் 2 சென்டிமீட்டருக்குப் பதில் 4 சென்டிமீட்டராகத் தெரியும், அவ்வளவுதான். கோடுகளின் இடைவெளி எப்போதும் 1 கிலோமீட்டர்தான் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 1:2,50,000 போன்ற சிறிய அளவுகோல் வரைபடங்களில் 10 கிலோமீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். பழைய வரைபடங்கள் சிலவற்றில் கட்டம் கஜக் கணக்கில் இருக்கும். ஓரக் குறிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜி.பி.எஸ். 434683, 1467237னு காட்டுது. வரைபடத்துல 34, 67தான் இருக்கு. எதை நம்புறது?

இரண்டும் ஒன்றேதான். கருவி முழு எண்ணைக் காட்டுகிறது, வரைபடம் நடுவிலுள்ள இரண்டு இலக்கத்தை மட்டும் பெரிதாக அச்சிடுகிறது. தாளின் மூலையருகே உற்றுப் பாருங்கள். 34க்கு முன்னால் பொடி எழுத்தில் 4ம், 67க்கு முன்னால் பொடியாக 14ம் இருக்கும். 434683 என்றால் கிரிட்டின் தொடக்கக் கோட்டிலிருந்து கிழக்கே 434 கிலோமீட்டர் 683 மீட்டர்.

6 இலக்கமாக்க, இரண்டு எண்களிலும் கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன்னால் ஒரு கோடு போடுங்கள்: 434|683, 1467|237. கோட்டுக்கு இடப்பக்கம் இரண்டு இலக்கம், வலப்பக்கம் ஒரு இலக்கம் எடுங்கள்: 346, 672. மிச்சத்தை மேலே சொன்னபடி வெட்டிவிடுங்கள். நாம் கண்ணால் எடுத்த எண்ணே வந்துவிட்டது.

முன்னாடி இருக்கிறதை விட்டுட்டா, அதே எண் வேற எங்கேயாவது வராதா?

வரும். இரண்டு இலக்கம் 00 முதல் 99 வரைதான் போகும், பிறகு மறுபடி 00. ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் அதே 346672 திரும்ப வரும். எல்லார் கையிலும் ஒரே தாள் இருந்தால் கவலையில்லை. வெளியாளுக்குச் சொல்லும்போதுதான் சிக்கல்.

அதற்காகத்தான் 100 கிலோமீட்டர் சதுரங்களுக்கு எழுத்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய கிரிட்டில் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும், அயர்லாந்தின் கிரிட்டில் ஒரே எழுத்து. துருவப் பகுதிகள் தவிர உலகம் முழுவதற்கும் பயன்படும் யூ.டி.எம். முறையில் பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மண்டல எண், கூடவே வடகோளமா தென்கோளமா என்பது, பிறகு முழு எண்கள் என்று சொன்னால் உலகில் அந்த இடம் ஒன்றுதான். அதன் மேல் கட்டிய எம்.ஜி.ஆர்.எஸ். என்ற ராணுவ முறையில் மண்டல எண்ணுக்கு அடுத்து ஒரு பட்டை எழுத்தும், இரண்டு சதுர எழுத்துகளும், பிறகு நாம் பார்த்த இலக்கங்களும் வரும். இந்த முறைகளின் பட்டை, சதுர எழுத்துகளில் 'ஐ' கிடையாது. 1 என்ற எண்ணோடு குழம்பிவிடும் என்பதால் விட்டிருக்கிறார்கள்.

தாள் மூலையில '58 சி/4' மாதிரி ஒரு எண் இருக்கே, அதுதான் கிரிட் எண்ணா?

இல்லை, அது தாளின் எண். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களில் 58 என்பது 4 பாகைக்கு 4 பாகை பரப்பு. அதை 16 ஆகப் பிரித்தால் எழுத்து, அந்த ஒவ்வொன்றையும் மறுபடி 16 ஆகப் பிரித்தால் கடைசி எண். எந்தத் தாளை எடுப்பது என்பதை அது சொல்லும். தாளுக்குள் எங்கே என்பதைக் கிரிட் எண் சொல்லும்.

98, 99க்கு அப்புறம் 00 வருது. தூரம் கழிச்சா மைனஸ்ல வருதே?

00ஐ 100 என்றும், 01ஐ 101 என்றும் எடுத்துக்கொண்டு கழியுங்கள். 987இலிருந்து 012 வரை என்றால் 1012இலிருந்து 987ஐக் கழிக்க 25, அதாவது 2.5 கிலோமீட்டர். இந்த இடத்தில் 100 கிலோமீட்டர் சதுரமே மாறுகிறது, ஆகவே எழுத்துகள் உள்ள கிரிட்டில் எழுத்தும் மாறியிருக்கும். அதையும் பாருங்கள்.

ரெண்டு கிரிட் எண் மட்டும் இருந்தா, வரைபடம் இல்லாம தூரமும் திசையும் சொல்ல முடியுமா?

முடியும். கிரிட்டின் அழகே இதுதான் என்பேன். நம் கோபுரம் 316632, பாலம் 346672. கிழக்கு வித்தியாசம் 30, அதாவது 3 கிலோமீட்டர். வடக்கு வித்தியாசம் 40, அதாவது 4 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்: மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்து 25, அதன் வர்க்கமூலம் 5. கோபுரத்திலிருந்து பாலம் நேர்கோட்டில் 5 கிலோமீட்டர். திசை, கிரிட் வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 37 பாகை.

இரண்டு எண்களும் 100 மீட்டர் கட்டங்கள் என்பதால் இந்த 5 கிலோமீட்டரில் 140 மீட்டர் வரை முன்பின் இருக்கலாம். இது பறவை பறக்கும் தூரம், நடக்கும் தூரம் இல்லை. நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் சமவுயரக்கோடுகளைப் பார்த்துத்தான் நேரத்தைக் கணிக்க வேண்டும்.

'கிரிட் வடக்கு'ன்னு சொன்னீங்களே, வடக்கு எத்தனை இருக்கு?

மூன்று. வடதுருவத்தை நோக்குவது உண்மை வடக்கு. காம்பஸ் முள் காட்டுவது காந்த வடக்கு. நெடுக்குக் கோடுகள் காட்டுவது கிரிட் வடக்கு. உருண்டையைத் தட்டையாக்கியதால், மண்டலத்தின் நடுக்கோட்டில் மட்டும்தான் கிரிட் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றாக இருக்கும். யூ.டி.எம். மண்டலத்தின் ஓரத்தில், நடுக்கோட்டிலிருந்து 3 பாகை தள்ளி, வித்தியாசம் 10 பாகை அட்சத்தில் அரைப் பாகைதான். 60 பாகை அட்சத்தில் அதுவே இரண்டரைப் பாகையைத் தாண்டும்.

1 பாகை தவறினால் 1 கிலோமீட்டர் நடையில் 17 மீட்டர் விலகுவோம். காந்த வடக்கின் விலக்கம் இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். வரைபட ஓரத்தில் அது எந்த ஆண்டின் அளவு, ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று போட்டிருப்பார்கள். 30 ஆண்டு பழைய தாளில் அந்தக் கணக்கைப் போடாமல் காம்பஸ் வைக்காதீர்கள்.

ஆத்தங்கரையில நிக்கிறேன். ஜி.பி.எஸ். எண்ணை வரைபடத்துல வச்சா ஆறு தள்ளிப் போயிடுது. எது தப்பு?

பெரும்பாலும் இரண்டும் தப்பில்லை, டேட்டம் வேறாக இருக்கும். பூமி சரியான உருண்டை இல்லை. அதன் வடிவத்துக்கு எந்த மாதிரியை எடுத்து, அதை எங்கே பொருத்தி அளந்தார்கள் என்பதுதான் டேட்டம். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற மாதிரியையும், பிரிட்டனின் தாள்கள் ஏரி (Airy) நீள்கோளம் என்ற மாதிரியையும் வைத்து வரைந்தவை. இரண்டுமே 1830இல் கணக்கிடப்பட்டவை. டேட்டம் மாறினால் அதே எண் நூறு மீட்டரோ அதற்கு மேலோ தள்ளி விழலாம்.

வரைபட ஓரத்தில் டேட்டத்தின் பெயர் இருக்கும். கருவியின் செட்டிங்கில் அதே டேட்டத்தையும் அதே கிரிட்டையும் தேர்ந்தெடுங்கள். பிறகு கண்ணெதிரே தெரியும் ஒரு சாலைச் சந்திப்பில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் இதைச் செய்கிறேன், இரண்டு நிமிட வேலைதான்.

போன்லயோ வாக்கி டாக்கியிலயோ எண்ணை எப்படிச் சொல்றது?

இலக்கம் இலக்கமாக. 'முந்நூற்று நாற்பத்தாறு' என்று சொல்லாதீர்கள். இரைச்சலில் அறுபதும் எழுபதும் எண்பதும் ஒன்றாகவே கேட்கும். 'மூன்று, நான்கு, ஆறு', சற்று நிறுத்தி, 'ஆறு, ஏழு, இரண்டு'. 'ஆறு' என்றாலே நதியா எண்ணா என்ற குழப்பம் நம் மொழியில் உண்டு, அதனால் எண்களைச் சொல்லும்போது நடுவில் வேறு பேச்சு வேண்டாம். எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வரி வர்ணனை சேருங்கள்: 'பாலத்தின் தென்கரை, பாதை பிரியும் இடம்.' இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஒருமுறை எங்கள் குழுவுக்குச் சந்திக்கும் இடத்தைக் கிழக்கும் வடக்கும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். நம் கற்பனைத் தாளில் 672346 என்று மாற்றிச் சொன்னால் அது தாளுக்கு வெளியே போய்விடும், உடனே தெரிந்துவிடும். எங்கள் தாளில் இரண்டு பக்கமும் 30களும் 40களும் இருந்தன. மாற்றிச் சொன்ன எண்ணும் தாளுக்குள்ளேயே விழுந்தது. கூடவே 'ஓடைகள் சேரும் இடம்' என்று சொல்லியிருந்ததால், அந்தக் கட்டத்தில் ஓடையே இல்லையே என்று நின்று யோசித்தோம். இல்லாவிட்டால் இருட்டும்வரை தவறான முகட்டில் காத்திருந்திருப்போம்.

மொபைல்ல லொகேஷன் அனுப்பிட்டாப் போதாதா? இதெல்லாம் எதுக்கு?

சிக்னலும் பேட்டரியும் இருக்கும்வரை அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன். ஆனால் மொபைல் பொதுவாகத் தருவது அட்சமும் தீர்க்கமும். அதை வாயால் சொல்லும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 13.30 பாகை வேறு, 13 பாகை 30 நிமிடம் வேறு. இங்கே நிமிடம் என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 13.30 பாகை என்பது 13 பாகை 18 நிமிடம்தான். வித்தியாசம் 12 நிமிடம், தரையில் சுமார் 22 கிலோமீட்டர். மொபைலில் கிரிட் எண் காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, அதையும் காகிதத்தையும் ஒன்றோடொன்று சரிபார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

நாங்க போற பாதை ரெண்டு யூ.டி.எம். மண்டலத்துக்கு நடுவுல போகுது. எல்லையில எண் திடீர்னு குதிக்குமாமே?

குதிக்கும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் அதன் நடுக்கோட்டுக்கு 500 கிலோமீட்டர் என்று கிழக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், எங்கும் மைனஸ் வராமல் இருக்க. நிலநடுக்கோட்டில் ஒரு மண்டலம் கிட்டத்தட்ட 166 கிலோமீட்டரில் தொடங்கி 834இல் முடியும். எல்லையைக் கடக்கும் நொடியில் 834 என்றிருந்தது 166 ஆகிவிடும். இரண்டு பக்கத்துக் கோடுகளும் அங்கே சற்றுச் சாய்ந்து சந்திக்கும். ஆகவே ஒரு மண்டலத்து எண்ணிலிருந்து இன்னொரு மண்டலத்து எண்ணைக் கழித்துத் தூரம் பார்க்க முடியாது.

எல்லையை ஒட்டிய தாள்களில் பக்கத்து மண்டலத்தின் கோடுகளையும் ஓரத்தில் வேறு நிறத்தில் சிறு கீறல்களாகக் காட்டுவது உண்டு. கிளம்பும் முன் குழுவில் எல்லாரும் எந்த மண்டலத்தில் பேசுவது என்று ஒன்றை முடிவு செய்து, கருவிகளை அந்த மண்டலத்திலேயே நிறுத்தி வையுங்கள். கருவி அதற்கு இடம் தராவிட்டால், ஒவ்வொரு எண்ணோடும் மண்டல எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே சொல்லுங்கள்.